பெரிய எண்கள் பிடிபட்டது எப்போது? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நானே தொடங்குகிறேன். போன வாரம் மகளிடம் 'நான்கு லட்சத்து ஐயாயிரத்து முந்நூற்று ஏழு' என்று சொல்லி எழுதச் சொன்னேன். தயங்காமல் எழுதினாள்: 40000050003007. பதினான்கு இலக்கம்! எனக்குக் கோபம்தான் வந்தது. அப்புறம் நிதானமாகப் பார்த்தால், ஒவ்வொரு துண்டும் சரியாக இருந்தது. 400000, 5000, 300, 7 என்று காதில் விழுந்ததை அப்படியே பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருக்கிறாள். விரிவான வடிவம் அவளுக்குத் தெரிந்தே இருக்கிறது, நடுவில் கூட்டல் குறிதான் இல்லை.

அந்த நான்கையும் தனித்தனிச் சீட்டுகளில், இலக்கங்கள் ஒரே அகலத்தில் வரும்படி எழுதினோம். பெரிய சீட்டை அடியில் வைத்து, வலது ஓரம் பொருந்தும்படி மற்றவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கச் சொன்னேன். 4,05,307 வந்தது. அவளே ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். பத்தாயிரம் இடத்தில் தெரிகிற பூஜ்ஜியம் லட்சத்தின் சீட்டிலிருந்து வருகிறது, பத்துகள் இடத்தில் இருப்பது 300-இன் சீட்டிலிருந்து. '5-க்கு அப்புறம் மூணு பூஜ்ஜியம் ஒளிஞ்சிருக்கு' என்றாள். இடமதிப்பை நான் இவ்வளவு நன்றாக ஒருநாளும் விளக்கியதில்லை.

---

சீட்டு முறை அருமை. நான் மாட்டிக்கொண்டது வேறு இடத்தில். 'தொள்ளாயிரத்து ஐம்பது' என்றால் என் மாணவர்கள் சிலர் 9,050 என்று எழுதுவார்கள். கவனக்குறைவு என்றே பல நாள் நினைத்திருந்தேன். ஆனால் பெயரைக் கேளுங்கள்: தொள்ளாயிரத்தில் 'ஆயிரம்' ஒலிக்கிறது, தொண்ணூறில் 'நூறு' ஒலிக்கிறது. மற்ற நூறுகள் எல்லாம் இருநூறு, எண்ணூறு என்று ஒழுங்காக வர, ஒன்பது மட்டும் அடுத்த இடத்தின் பெயரைச் சூடிக்கொள்கிறது. பிள்ளைகள் காதால் கேட்டதை நம்பினார்கள், அவ்வளவுதான். இப்போதெல்லாம் தொள்ளாயிரத்தையும் ஒன்பதாயிரத்தையும் அடுத்தடுத்துச் சொல்லி, 9 × 100, 9 × 1,000 என்று எழுத வைக்கிறேன்.

---

பழைய தமிழ் எண்களைப் பார்த்திருக்கிறீர்களா? பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனிக் குறிகள். 3,456 என்பதை ௩௲௪௱௫௰௬ என்று எழுதுவார்கள். மூன்று ஆயிரம், நான்கு நூறு, ஐந்து பத்து, ஆறு. எழுதும்போதே விரித்தாயிற்று! இதைப் படித்த அன்றுதான் நாம் இன்று எழுதும் முறையில் அந்தக் குறிகள் எங்கே போயின என்று யோசித்தேன். அவற்றின் வேலையை இடம் எடுத்துக்கொண்டுவிட்டது. உங்கள் மகள் எழுதியதும் கிட்டத்தட்ட இந்த முறைதான், அவளைப் பாராட்டியே ஆகவேண்டும்.

---

இந்தப் பழைய எண் முறையை என் மகளிடம் காட்டினேன். 3,006-ஐ அந்த முறையில் எழுதச் சொன்னதும் ௩௲௬ என்று எழுதிவிட்டு, 'பூஜ்ஜியமே வேண்டாமா?' என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. 3000, 6 என்று இரண்டு சீட்டு எழுதி அடுக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.