பொழிமுகத்தில் கொடுவா: சால்மன் பிடித்த பழக்கம் இங்கே உதவுமா?

விளவங்கோட்டான்:
அனைவருக்கும் வணக்கம். என் மைத்துனர் ஸ்காட்லாந்தின் பெர்த் நகரில் வசிக்கிறார். அங்கே டே ஆற்றில் அனுமதிச் சீட்டு வாங்கிச் சால்மனுக்கும் கடல் டிரவுட்டுக்கும் தூண்டில் போடுவதில் அவருக்குத் தீராத பித்து. 1922-இல் ஜார்ஜினா பாலன்டைன் என்னும் பெண்மணி அதே ஆற்றில் 64 பவுண்டு சால்மனைப் பிடித்த கதையை ஒவ்வொரு விடுமுறையிலும் எங்களுக்குச் சொல்லாமல் விடமாட்டார். இந்தக் கிறிஸ்துமஸுக்கு வந்தவர், குமரி மாவட்டத்துத் தேங்காய்ப்பட்டணத்தில் குழித்துறைத் தாமிரபரணி கடலில் சேரும் பொழிமுகத்துக்குச் சற்று மேலே மூன்று நாள் விடியற்காலையில் நின்று கொடுவா மீனுக்காக இறகு கட்டிய பொய் இரைகளை வீசினார். ஒன்றும் கடிக்கவில்லை. மூன்றாம் நாள் இறால் துண்டைக் கோத்தபோது இரண்டு கெளுத்திகள் வந்தன. இடையில் ஒருமுறை பெரிய மீன் ஒன்று கவ்வி இழுத்தது; ஆனால் தங்கூசி (தூண்டில் நரம்பு) உடனே அறுந்துவிட்டது. அறுந்த முனையைப் பார்த்தால் அரத்தால் தேய்த்ததுபோல் இருந்தது. நாங்கள் நின்ற நேரம் தவறா, இடம் தவறா, அல்லது அவருடைய முறையே இந்த ஆற்றுக்குப் பொருந்தாதா? உணவகங்களில் ‘இந்தியன் சால்மன்’ என்று தருகிறார்களே, அது அவருடைய சால்மனுக்கு உறவா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

பைங்குளம் தூண்டில்காரன்:
அறுத்துச் சென்றது கொடுவாவாகத்தான் இருக்க வேண்டும். அதன் செவுள் மூடியின் ஓரம் கத்திபோல் இருக்கும்; மீன் தலையை உதறும்போது தங்கூசி அதில் உரசினால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய தங்கூசியானாலும் தாங்காது. கொக்கிக்கு மேலே இரண்டு முழ நீளத்துக்கு 40 பவுண்டு தாங்கும் லீடர் என்னும் தடித்த முன்நரம்பைக் கட்டுங்கள். மீனைத் தூக்கும்போது செவுளுக்குள் விரலை விடாதீர்கள். என் ஆள்காட்டி விரலில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

நேரத்தைப் பற்றிச் சொல்வதென்றால், விடியற்காலை என்பதை விட நீரோட்டமே முக்கியம். கடல் ஏற்றத்தின்போது ஓரக் கால்வாய்களுக்குள்ளும் தாழைப் புதர்களின் அடியிலும் ஏறிச் செல்லும் மடவை மீன் குஞ்சும் இறாலும், வற்றம் தொடங்கி நீர் இறங்கும்போது வேறு வழியின்றி ஆற்றுக்குள் அடித்து வரப்படுகின்றன. அந்தக் கால்வாய்களின் வாயில்தான் கொடுவா ஓட்டத்தை எதிர்த்துத் தலை வைத்துக் காத்து நிற்கும். நம் கரையில் ஏற்றவற்ற வேறுபாடு ஒரு மீட்டரைக்கூடத் தொடுவதில்லை. ஆகவே, வாவு நாள்களையொட்டி, அதாவது அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் முன்பின்னாக, ஓட்டம் வலுவாக இருக்கும் நாள்களைத் தேர்ந்தெடுப்பது நல்லது. கைபேசிச் செயலி காட்டும் நேரம் கடற்கரைக்கு உரியது. பொழியின் குறுகிய வாய் வழியாக நீர் உள்ளே வந்து திரும்புவதற்குத் தாமதமாகும். நான் கரையோரச் சேற்றில் ஒரு மூங்கில் குச்சியை நட்டு, நீர்மட்டத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டுவிடுவேன். கோட்டுக்குக் கீழே நான்கு விரல் ஈரம் தெரியும்போது முதல் வீச்சு. மறுநாள் அதே நிலை ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளி வரும் என்பதால், தினமும் ஒரே மணிக்குப் போய் நிற்பதில் பயனில்லை.

நாஞ்சில் வாசகி:
மீன் கல்வி பயின்றவள் என்ற முறையில் இரண்டு செய்திகள். ‘இந்தியன் சால்மன்’ என்று விற்கப்படுவது நம் காலா மீன். தாடைக்குக் கீழே நூல்நூலாகத் தொங்கும் துடுப்புக் கதிர்கள் உள்ள அந்த மீனுக்கும் சால்மனுக்கும் எந்த இரத்த உறவும் இல்லை. தமிழ்நாட்டில் டிரவுட் பார்க்க வேண்டுமென்றால் நீலகிரியின் குளிர்ந்த ஓடைகளுக்குத்தான் போக வேண்டும். அதுவும் ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்ட மீன்.

கொடுவாவின் வாழ்க்கை சால்மனுக்கு நேர் எதிரானது. சால்மன் ஆற்றில் பிறந்து கடலில் வளர்ந்து முட்டையிட ஆற்றுக்குத் திரும்பும்; அப்படித் திரும்பும் காலத்தில் அது பெரும்பாலும் இரை உண்பதில்லை. உங்கள் மைத்துனரின் இறகு இரை அதன் பசிக்காக அன்று, அதைச் சீண்டுவதற்காகவே வீசப்படுகிறது. கொடுவாவோ உப்பு நீரில் பிறந்து குஞ்சாக ஆற்றுக்குள் ஏறி வளரும். பொழியில் அது நிற்பது வேட்டைக்காகத்தான். ஆகவே, சீண்டும் இரையை விட, அடிபட்ட மடவைக் குஞ்சுபோல் துவண்டு நீந்தும் இரையே எடுபடும். இன்னொன்று: கொடுவா முதலில் ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகளுக்குப் பின் பெண்ணாக மாறுகிறது. மிகப் பெரிய கொடுவா கிடைத்தால் அது அநேகமாகத் தாய்மீன்; படம் எடுத்துக்கொண்டு விட்டுவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மணக்குடிக் காயல்:
எங்கள் பழையாற்றுப் பொழிக்கும் வந்து பாருங்கள், ஆனால் வாய் திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டு வாருங்கள். மழை ஓய்ந்து ஆற்று நீர் தளர்ந்ததும் மணல் சேர்ந்து வாய் அடைபடுவதுண்டு. அப்போது காயலில் ஏற்றமும் இல்லை, வற்றமும் இல்லை. திறந்திருக்கும் காலத்தில் பாலத்தூண்களின் நிழல் பக்கம் செப்பிலி மீனும் கிடைக்கும்.

ஒரு வேண்டுகோள். வலை கட்டியிருப்பவரிடம் வலை எங்கே முடிகிறது என்று கேட்டபின் வீசுங்கள். மூன்று முனைக் கொக்கி ஒன்று வலையில் சிக்கினால் உங்களுக்குப் போவது ஓர் இரை. அவருக்கு அன்றைய தொழில் கெட்டுப்போகும். கெளுத்தி முள் குத்தினால், தாங்கக்கூடிய சூட்டில் உள்ள வெந்நீரில் கையை வைத்திருங்கள், கடுப்பு தணியும். முள் உள்ளே முறிந்திருந்தால் மருத்துவரிடம் போகத் தயங்க வேண்டாம்.

விளவங்கோட்டான்:
அனைவருக்கும் நன்றி. அமாவாசைக்கு மறுநாள் பைங்குளம் அண்ணாச்சி சொன்னபடியே குச்சி நட்டோம். கோட்டுக்குக் கீழே ஈரம் தெரியும்வரை மைத்துனரை வீசவிடாமல் பிடித்து வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. ஓரக் கால்வாயின் வாயில் ரப்பர் மீனைத் துவளவிட்டு இழுத்தபோது, ஏழாவதோ எட்டாவதோ வீச்சில், முழங்கை நீளக் கொடுவா ஒன்று நீருக்கு மேலே எம்பி விழுந்தது. லீடர் முழுவதும் சொரசொரப்பாகிவிட்டது, ஆனால் அறுபடவில்லை. விட்டுவிடலாம் என்றார் அவர். அது தாய்மீன் அளவில்லை என்று நாஞ்சில் வாசகி அக்கா சொல்லிவிட்டதால் வீட்டுக்கு வந்தது.