முதல் தடவை எம்பியாக இருந்தவருக்குப் பென்சன் உண்டா? (இலங்கை, 2024 ஒக்டோபர் நிலவரம்; அப்போதிருந்த பாராளுமன்ற ஓய்வூதியச் சட்டம் 2026இல் நீக்கப்பட்டது)

களுவாஞ்சிக்குடி வாக்காளன் (2024 ஒக்டோபர்)
செப்டெம்பர் 24ஓட பாராளுமன்றம் கலைஞ்சிட்டு, நவம்பர் 14 தேர்தல். 2020இல முதல் தடவையாப் போன எம்பிமாருக்குப் பென்சன் இல்லையாம் எண்டு கதை அடிபடுது. ஐஞ்சு வருஷத்துக்குத்தானே தெரிவு செஞ்சம்? அதோட, ஜனாதிபதிக்கு மாதிரி எம்பிமாருக்கும் ரெண்டு தடவை எண்டு எல்லை போட ஏலாதா?

கல்முனை சட்டப்பிரியன்
கதை சரிதான் தம்பி. 1977ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கப் பாராளுமன்ற ஓய்வூதியச் சட்டப்படி குறைந்தது 5 வருஷம் உறுப்பினராக இருந்திருக்க வேணும். சபையைக் கலைத்ததும் உறுப்பினர் பதவியும் போகும், கணக்கும் அந்த இடத்திலேயே நிற்கும். இந்தச் சபை 2020 ஓகஸ்ட் 20 கூடியது. 2024 செப்டெம்பர் 24 வரைக்கும் 4 வருஷமும் ஒரு மாதமும்தான். தேர்தல் நடந்த ஓகஸ்ட் 5இலிருந்து எண்ணினாலும் ஐந்து வராது.

தொகை எவ்வளவு எண்டால், எம்பியின் மாதக் கொடுப்பனவு 54,285 ரூபாய். 5 வருஷத்துக்கு அதில் மூன்றில் ஒன்று, அதாவது 18,095. 15 வருஷம் இருந்தால் மூன்றில் இரண்டு, 36,190.

ஏறாவூர் கணக்கு
மட்டக்களப்பையே எடுத்துப் பாருங்க. சாணக்கியனும் சந்திரகாந்தனும் பாராளுமன்றத்துக்குப் போனது 2020இலதான், ரெண்டு பேருக்கும் காலம் போதாது. சந்திரகாந்தன் 2008 முதல் 2012 வரை கிழக்கு முதலமைச்சர்தான், ஆனா மாகாண சபைக் காலம் இந்தக் கணக்கில் சேராது. வியாழேந்திரன் 2015இலயும் 2020இலயும் வென்றவர். 2015 சபை செப்டெம்பர் 1இலிருந்து 2020 மார்ச் 2 வரை, நாலரை வருஷம். ரெண்டையும் கூட்டினால் எட்டரைக்கு மேல வருது. இடையில் சபை இல்லாத மாதங்களைச் சேர்க்கக்கூடாது.

இடையில வெற்றிடத்துக்கு வாறவருக்கு, அவர் உறுப்பினரான நாளிலிருந்துதான் கணக்குத் தொடங்கும். 2023 ஒக்டோபரில் மட்டக்களப்பு எம்பி நஸீர் அஹமட் ஆசனத்தை இழக்க அலி ஸாஹிர் மௌலானா வந்தார். அவருக்குப் பழைய தவணைகள் கைகொடுக்கும். புது ஆள் ஒருத்தர் வந்திருந்தால் ஒரு வருஷம்கூட நிறைஞ்சிராது.

என்னைக் கேட்டால் பிழை இங்கதான் இருக்கு. முதல் கூட்டத்திலிருந்து இரண்டரை வருஷம் கழிஞ்சால் ஜனாதிபதி சபையைக் கலைக்கலாம். ஒரு எம்பியின் பென்சன் வேறொருத்தர் கையில கிடந்தால், சபையை இழுத்துப் பிடிக்கத்தான் அந்த எம்பி பார்ப்பார். இன்னொரு பக்கம், எம்பிக்கு 5 வருஷம் போதும், அரச ஆசிரியருக்குப் பென்சன் எடுக்க 10 வருஷச் சேவை வேணும். கடையில வேலை செய்ற பிள்ளைக்குப் பென்சனே இல்ல. தன்ட 8 வீதமும் முதலாளிட 12 வீதமும் சேர்ந்த சேமலாப நிதி மட்டும்தான். இது நியாயமே இல்ல.

கல்முனை சட்டப்பிரியன்
இரண்டு தடவை எல்லை பற்றி: ஜனாதிபதிக்கு அது அரசியலமைப்பில் உள்ளது. 2010இல் 18ஆம் திருத்தம் எடுத்துவிட்டது, 2015இல் 19ஆம் திருத்தம் திரும்பக் கொண்டுவந்தது. எம்பிக்கு எந்த எல்லையும் இல்லை. போடுவதென்றால் அரசியலமைப்பைத் திருத்த வேணும், 225 பேரில் 150 வாக்கு தேவை.

பென்சன் அப்படி இல்லை. அது சாதாரணச் சட்டம். சபையில் இருந்து வாக்களிப்போரில் பெரும்பான்மை கிடைத்தால் திருத்தலாம், நீக்கவும் செய்யலாம். ஓட்டுக் கேட்டு வாறவரிடம் இந்த இரண்டையும் வெவ்வேறாகக் கேளுங்க. ஒன்றாகக் கேட்டால் "மூன்றில் இரண்டு வேணுமே" என்று சொல்லிப் போட்டுப் பென்சனையும் சேர்த்துத் தட்டிக்கழிப்பார்.