யூதா கோத்திரத்தில் பிறந்தவர் ஆசாரியர் ஆனது எப்படி?

களக்காட்டுப் பக்கத்துச் சேகரம் (ஒரு குருவின் பொறுப்பிலுள்ள சபைகளின் தொகுதி) ஒன்றில் நான் வேதபாடம் நடத்தி வருகிறேன். இயேசுவை ஆசாரியர் என்று காட்டும் எபிரெயர் நிருபம் 7-ஆம் அதிகாரத்தை எடுத்திருந்த மாலையில், சபையின் மூத்தவர்களில் ஒருவரான அண்ணாச்சி எழுந்து, “டீச்சர், எலிசபெத்து ஆரோனுடைய குமாரத்திகளில் ஒருத்தி, மரியாள் அவளுக்கு இனத்தாள் என்று லூக்கா எழுதியிருக்கிறார். அப்படியானால் தாய்வழியில் நம் ஆண்டவருக்கும் லேவி வம்சம் உண்டுதானே? அதனால்தானே அவர் பிரதான ஆசாரியர்?” என்று கேட்டார்.

வேதத்தை ஊன்றி வாசிப்பவருக்கு மட்டுமே எழக்கூடிய கேள்வி அது. பழைய ஏற்பாட்டில் பலிபீடத்தில் பணிவிடை செய்யும் உரிமை லேவி கோத்திரத்து ஆரோனின் குமாரருக்கு மட்டுமே இருந்தது. லேவியனாகவே பிறந்திருந்தும் கோராகு ஆசாரியப்பட்டத்தைத் தேடியபோது அழிந்துபோனான். யூதாவின் ராஜாவாகிய உசியா தூபங்காட்ட ஆலயத்துக்குள் நுழைந்தபோது, ஆசாரியனாகிய அசரியாவும் அவனோடு 80 ஆசாரியரும் எதிர்த்து நின்றார்கள். ராஜா குஷ்டரோகியாக வெளியேறினான். பாபிலோனிலிருந்து திரும்பியவர்களில் வம்ச அட்டவணையில் தங்கள் பெயரைக் காணாத ஆசாரியக் குடும்பத்தார் ஊழியத்துக்கு விலக்கப்பட்டதை எஸ்றா 2-ஆம் அதிகாரம் சொல்கிறது. இவற்றையெல்லாம் அறிந்த ஒருவர், ஆண்டவருக்காக ஒரு லேவிய உறவைத் தேடுவது இயல்பே.

ஆனால் நிருபத்தை எழுதியவர் அந்த வழியில் போகவே இல்லை என்று அண்ணாச்சிக்குச் சொன்னேன். ஆசாரிய உரிமை தகப்பன்வழியிலேயே இறங்கியதால், எலிசபெத்தின் உறவு அந்தச் சட்டத்தின்படி உதவவும் செய்யாது. நம்முடைய கர்த்தர் யூதா கோத்திரத்தில் தோன்றினார் என்பதையும், அந்தக் கோத்திரத்தாருக்கு ஆசாரியத்துவத்தைப் பற்றி மோசே ஒன்றும் சொல்லவில்லை என்பதையும் 14-ஆம் வசனத்தில் நிருபத்தின் ஆசிரியரே வெளிப்படையாக ஒப்புக்கொள்கிறார். அவர் பிடித்துக்கொள்வது ஆதியாகமம் 14-ஆம் அதிகாரத்தை. அங்கே சாலேமின் ராஜாவாகிய மெல்கிசேதேக்கு அப்பமும் திராட்சரசமும் கொண்டுவந்து ஆபிரகாமை ஆசீர்வதிக்கிறான். ஆபிரகாம் அவனுக்குத் தசமபாகம் கொடுக்கிறான். லேவியோ அப்போது பிறக்கவே இல்லை. தலைமுறை தலைமுறையாக வம்சவரலாறு எழுதும் அந்தப் புத்தகம், இந்த ஆசாரியனின் தாய் தகப்பனைப் பற்றி மட்டும் மௌனமாக இருக்கிறது. அந்த மௌனத்தோடு, ‘நீர் மெல்கிசேதேக்கின் முறைமையின்படி என்றென்றைக்கும் ஆசாரியராயிருக்கிறீர்’ என்று 110-ஆம் சங்கீதத்தில் கர்த்தர் இட்ட ஆணையைச் சேர்த்து, மாம்ச சம்பந்தமான கட்டளையினால் அல்ல, அழியாத ஜீவனின் வல்லமையினாலேயே இயேசு ஆசாரியரானார் என்று நிருபம் நிறுவுகிறது. தாய்வழி லேவிய இரத்தமே போதுமென்றால் இந்த வாதம் முழுவதும் வீணாகிவிடும்.

அப்போது பின்வரிசையிலிருந்து ஓர் இளம்பெண், “ஆண்டவருக்கே வம்ச அட்டவணை தேவைப்படவில்லை என்றால், நம் சபைக்குப் புதுப் போதகராக ஓர் ஐயர் வந்ததும் அவர் யார் வகையறா என்று நாம் ஏன் விசாரிக்கிறோம், டீச்சர்?” என்று கேட்டாள். யாரும் பேசவில்லை. ஐயர் எந்தச் சாதியார் என்பதை அறிந்துகொண்ட பிறகே வீட்டு ஜெபத்துக்கு அழைப்பதா வேண்டாமா என்று முடிவு செய்த குடும்பங்களை நான் அறிவேன்; அது என்னை இன்றும் வருத்துகிறது. எஸ்றா புத்தகத்து அட்டவணைக்காவது தேவனுடைய கட்டளை இருந்தது, நம்முடைய விசாரணைக்கு வேதத்தில் ஒரு வரிகூட ஆதாரம் இல்லை என்று அன்று வெளிப்படையாகவே சொன்னேன். பேதுரு “ராஜரீகமான ஆசாரியக்கூட்டம்” என்று அழைத்தது விசுவாசிகள் எல்லாரையும்தான். கிறிஸ்தவரான பிராமண விதவை குளோரிந்தா 1785-இல் ஆலயம் கட்டிய பாளையங்கோட்டையின் சபைக்கு, 1790-இல் குருப்பட்டம் பெற்ற சத்தியநாதன் மேய்ப்பராக வந்த காலந்தொட்டு நம் நாட்டு ஐயர்மார் எவரும் ஆரோனின் வம்சத்தார் அல்லர்.

அடுத்த வகுப்பில் அண்ணாச்சி மற்றொன்று கேட்டார்: “வம்சம் முக்கியமில்லையென்றால் மத்தேயு ஏன் வம்ச அட்டவணையோடு தொடங்குகிறார்?” செங்கோல் யூதாவை விட்டு நீங்காது என்ற யாக்கோபின் வாக்கும், தாவீதுக்குக் கொடுக்கப்பட்ட வாக்குத்தத்தமும் நிறைவேறியதைக் காட்ட அந்த அட்டவணை வேண்டும், அது அவரை ராஜா என்று நிரூபிக்கிறது, ஆசாரியர் என்று அல்ல என்றேன். உசியாவிடத்தில் ஒன்றுசேர முடியாத ராஜா, ஆசாரியர் என்ற இரண்டு பட்டங்களும் மெல்கிசேதேக்கின் முறைமையில்தான் ஒருவரிடத்தில் சேர்கின்றன. அந்த அட்டவணையிலும் எரிகோவின் புறஜாதிப் பெண் ராகாப் இருக்கிறாள்; பத்தாம் தலைமுறையானாலும் கர்த்தருடைய சபைக்கு உட்படலாகாது என்று உபாகமம் விலக்கிய மோவாபியரின் மகள் ரூத்தும் இருக்கிறாள்.