மேலத்தெரு குடும்பம் (14 பேர்)

கார்த்தி அண்ணா: நாளைக்கு காலைல 8 மணிக்கு ரெஜிஸ்ட்ரேஷன். அம்மாவுக்கு கம்யூனிட்டி காலேஜ்ல அந்தக் கதை எழுதுற கிளாஸ் போட்டுடவா? 3 யூனிட், யூனிட்டுக்கு 46. மொத்தம் 138 டாலர்

மீனா: போடு போடு

சுந்தர் மாமா: இருப்பா. கம்யூனிட்டி காலேஜ்ல அந்த 46 கலிபோர்னியாவாசிக்கு மட்டும். கிளாஸ் தொடங்குறதுக்கு முன்னாடி ஒரு வருஷமும் ஒரு நாளும் இங்க குடியிருந்திருக்கணும். கிரீன் கார்டு கையில இருந்தா மட்டும் போதாது. அக்கா என்னைக்கு வந்து இறங்கினா?

கார்த்தி அண்ணா: போன வருஷம் ஆகஸ்ட் 28

சுந்தர் மாமா: கிளாஸ்?

கார்த்தி அண்ணா: ஆகஸ்ட் 25 😐

சுந்தர் மாமா: போச்சு. வெளியாள் ஃபீஸ். யூனிட்டுக்கே நூத்துக்கணக்குல வரும்

விஜி அண்ணி: டிக்கெட் முதல்ல 14ஆம் தேதிக்குத்தான் போட்டோம்

மீனா: காதுகுத்துக்கு இருந்துட்டுப் போகணும்னு யாரோ நிறுத்தினாங்க

பாபு சித்தப்பா: அண்ணி இல்லாம எப்படி. இப்ப அதை ஏன் இழுக்கறீங்க

பாபு சித்தப்பா: அந்த ஆல்பம் காசு பாக்கி கார்த்தி

சுந்தர் மாமா: ஜனவரி டேர்ம்ல சேர்ந்தா 46தான். வருமான வரம்புக்குள்ள வந்தா பிராமிஸ் கிராண்ட் எழுதிப் போடலாம், அந்த 46ம் தள்ளுபடி. இல்லன்னா நான்கிரெடிட் கிளாஸ், டிகிரி கணக்குல சேராதது. ஃபீஸே இல்ல, வெளியாள் கணக்கும் பாக்க மாட்டாங்க. சாண்டா மோனிக்கா காலேஜ்ல வயசானவங்களுக்குன்னே எமரிட்டஸ்னு ஒரு பிரிவு 1975லேர்ந்து நடக்குது

அம்மா: நான் தமிழ்லதான் எழுதுவேன்

மீனா: 😂😂

விஜி அண்ணி: அத்தை இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்

சுந்தர் மாமா: அப்ப காலேஜ் எதுக்கு. லைப்ரரில ரூம் எடுத்து, ஒருத்தர் கதையை மத்தவங்க படிச்சுப் பேசுற மாதிரி ஒரு வட்டம் ஆரம்பி. 6 பேர் போதும், 8 தாண்டக் கூடாது. 2 மணி நேரத்துக்கு 3 கதை, ஒண்ணுக்கு 35 நிமிஷம். 1500 வார்த்தைக்கு மேல வேண்டாம். அஞ்சு நாள் முன்னாடியே எல்லாருக்கும் அனுப்பிடணும். அங்க வந்து வாசிச்சா குரலைத்தான் பாராட்டுவாங்க, வாக்கியத்தை எவனும் பாக்க மாட்டான். யூனிகோடுல அனுப்பு. பாமினி மாதிரி பழைய ஃபான்ட்ல அடிச்சது அடுத்தவங்க போன்ல இங்கிலீஷ் எழுத்தாக் கொட்டும். முக்கியமா, மத்தவங்க பேசி முடிக்கிற வரைக்கும் எழுதினவங்க வாயே திறக்கக் கூடாது

மீனா: அம்மாவா?

கார்த்தி அண்ணா: வாயே திறக்காமயா?

சுந்தர் மாமா: சிரிக்காதீங்க. "நான் என்ன நினைச்சேன்னா"ன்னு ஆரம்பிச்சா கதையில விட்டதை வாயால நிரப்பிடுவாங்க. எங்க புரியலைங்கறது கடைசி வரைக்கும் தெரியாது. அருமை, சூப்பர் எல்லாம் கூடாது. "மூணாம் பக்கத்துல கிணத்தடில நிக்கறது அக்காளா தங்கச்சியா?" இப்படிக் கேக்கணும்

பாபு சித்தப்பா: எந்தக் கிணறு

சுந்தர் மாமா: உதாரணத்துக்குச் சொன்னேன் மச்சான்

பாபு சித்தப்பா: அண்ணி, கிழக்கு வயல் கிணத்தைப் பத்தி எழுதினா பேரை மாத்திடுங்க

அம்மா: பேர் மாத்தியாச்சு. கிணறு மாத்தலை

பாபு சித்தப்பா: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

மீனா: 👀

விஜி அண்ணி: லைப்ரரி கார்டு யார்கிட்ட இருக்கு? நைட்டுக்கு இட்லியா தோசையா

கார்த்தி அண்ணா: அப்ப நாளைக்கு 8 மணிக்கு நான் என்ன பண்ண

அம்மா: காசு இல்லன்னா இங்கிலீஷ் கிளாஸும் போடு. சும்மா உக்காந்து பாக்கறேன்

சுந்தர் மாமா: சும்மா உக்காரவும் பேர் பதியணும். முதல் நாள் போகலைன்னா வாத்தியார் பேரை எடுத்துட்டு வெயிட்லிஸ்ட் ஆளைச் சேத்துடுவார்

மீனா: தமிழ் வட்டத்துக்கு ஆறு பேர் எங்க

விஜி அண்ணி: அத்தை, நான், அப்புறம்?

பாபு சித்தப்பா: கதையை முதல்ல எனக்கு அனுப்புங்க அண்ணி

அம்மா: அஞ்சு நாள் முன்னாடி வரும்