உடற்பயிற்சியோடு வைட்டமின் சி, ஈ மாத்திரைகளும் எடுத்துக்கொள்ளலாமா?

கேள்வி:
வணக்கம். எனக்கு வயது 47. உடல் நிறை குறியீட்டெண் (உயரத்துக்கேற்ற எடையின் அளவு, பிஎம்ஐ) 31; அதாவது உடல் பருமன். மாதவிடாய் ஒழுங்கு தவறி, உறக்கமும் குறைந்து, மன உளைச்சல் மிகுந்திருப்பதால் தினமும் வேக நடை போகுமாறு மருத்துவர் சொல்லியிருக்கிறார். ஆனால், பயிற்சியின்போது தசைகளில் ஃப்ரீ ராடிக்கல்கள் (செல்களைச் சேதப்படுத்தக்கூடிய, எளிதில் வினைபுரியும் மூலக்கூறுகள்) பெருகும் என்றும், பருமனான உடலில் அவை ஏற்கெனவே மிகுதி என்றும் படித்தேன். அதற்கு ஈடாக வைட்டமின் சி, ஈ மாத்திரைகளை எடுத்துக்கொள்ளலாமா?

மறுமொழி 1:
நீங்கள் படித்தது உண்மைதான். கொழுப்புத் திசு பெருகும்போது இன்டர்லியூகின்-6 போன்ற அழற்சிப் பொருள்கள் மிகுதியாகச் சுரக்கின்றன; அழற்சி ஃப்ரீ ராடிக்கல்களைப் பெருக்குகிறது. மாதவிடாய் நிற்கும் பருவத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் தந்த பாதுகாப்பும் குறைகிறது. ஆயினும், பயிற்சியால் அவ்வப்போது எழும் ஃப்ரீ ராடிக்கல்களை உணர்ந்துதான், தசைச் செல்கள் சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ், குளூட்டாதயோன் பெராக்சிடேஸ் போன்ற காப்பு நொதிகளைக் கூடுதலாக ஆக்கிக்கொள்கின்றன. வைட்டமின் மாத்திரை ஃப்ரீ ராடிக்கல்களை அடக்கி, அந்தத் தூண்டுதலையே அழித்துவிடக்கூடும். ஜெர்மனியின் யெனா நகர ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வில், நான்கு வாரப் பயிற்சியோடு தினமும் 1000 மில்லிகிராம் வைட்டமின் சியும் 400 சர்வதேச அலகு (IU) வைட்டமின் ஈயும் உட்கொண்டவர்களுக்கு இன்சுலின் உணர்திறன் (இன்சுலினுக்கு உடல் செவிசாய்க்கும் திறன்) மேம்படவில்லை; உட்கொள்ளாதவர்களுக்கு மேம்பட்டது. அதில் பங்கேற்றவர்கள் இளம் ஆண்கள் என்பதால் அம்முடிவை உங்களுக்கு அப்படியே பொருத்த இயலாது. இருந்தாலும், குறைபாடு உறுதியாகாத நிலையில் இந்த அளவு மாத்திரைகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். நெல்லியும் கொய்யாவும் கீரையும் உணவில் தாராளமாக இருக்கட்டும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. எடை குறையாவிட்டாலும் பயிற்சியின் பயன் கிடைக்குமா?

மறுமொழி 2:
கிடைக்கும், சகோதரி. எடை இறங்காதபோதும் பயிற்சியால் இன்சுலின் உணர்திறனும் இதய-நுரையீரல் திறனும் மேம்படுகின்றன. பலருக்கு உறக்கமும் மனநிலையும் சீரடைகின்றன. எடைபோடும் இயந்திரத்தை மட்டும் நம்பிப் பாதியில் விட்டுவிடும் பெண்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. வேகத்தில் மட்டும் கவனம் தேவை: பழக்கமில்லாத உடல் திடீரெனக் களைத்துப்போகும்வரை உழைத்தால், காப்பு நொதிகள் ஈடுகொடுக்க முடியாத அளவுக்கு ஆக்சிஜனேற்றச் சேதம் (ஃப்ரீ ராடிக்கல்களால் செல்களுக்கு ஏற்படும் சேதம்) உண்டாகலாம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுவே மிதமான வேகம். உலக சுகாதார நிறுவனம் வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடங்கள் மிதமான பயிற்சியையும், இரண்டு நாள் தசை வலுவூட்டும் பயிற்சியையும் பரிந்துரைக்கிறது. பத்து நிமிடங்களில் தொடங்கி அந்த அளவைப் படிப்படியாக எட்டலாம். முழங்கால் வலி இருந்தால் நடைக்குப் பதிலாக நிலை மிதிவண்டியைப் பயன்படுத்துங்கள். நெஞ்சு இறுக்கமோ தலைச்சுற்றலோ தோன்றினால் உடனே நிறுத்தி மருத்துவரிடம் செல்லுங்கள்.