பங்க் பக்கத்துக் கிணற்றில் பெட்ரோல் வாடை, கண்காணிப்பு போர்வெல்லில் ஒன்றுமே இல்லை. எப்படி?

தோட்டத்துவீடு:
பெருந்துறைப் பக்கம் எங்கள் ஊர். வீட்டுக் கிணற்றிலிருந்து சுமார் 60 மீட்டர் தள்ளி ஒரு பெட்ரோல் பங்க். ஐப்பசி மழையில் கிணறு ஏறியதிலிருந்து தண்ணீரில் பெட்ரோல் வாடை அடிக்கிறது. பங்க்காரர் தன்மையான மனிதர். கசிவு இருக்கிறதா என்று பார்க்க அவர் வளாகத்தில் போட்டிருக்கும் கண்காணிப்பு போரில் என் முன்னாலேயே தண்ணீர் எடுத்துக் காட்டினார், வாடையே இல்லை. அது 150 அடி போர், 40 அடி வரை கேசிங் (மண் சரியாமல் இறக்கும் குழாய்). இப்போது நீர்மட்டம் 18 அடி. எங்கள் கிணற்றுத் தண்ணீரை லேபில் கொடுத்தேன், 'குடிக்க உகந்தது' என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. ஆள் இறக்கித் தூர்வாரி பிளீச்சிங் பவுடர் போட்டால் சரியாகுமா?

சோடாபுட்டி:
தண்ணீர் மேல் மினுமினுப்பு தெரிகிறதா? இரும்புச்சத்து உள்ள தண்ணீரில் பாக்டீரியாவாலும் அப்படி ஒரு ஏடு படரும். குச்சியால் கலைத்துப் பாருங்கள். துண்டு துண்டாக உடைந்தால் பாக்டீரியா. எண்ணெய் என்றால் மறுபடி ஒன்றாகச் சேரும்.

தோட்டத்துவீடு:
சேர்கிறதுங்க.

நிலத்தடி:
முதலில் ஒன்று: கிணற்றுக்குள் ஆளை இறக்காதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, உள்ளேயே தங்கும். மயக்கம் போட்டு விழுந்தால் தூக்கப் போகிறவருக்கும் அதே கதிதான். தீப்பெட்டி, பீடி எதுவும் கிணற்றருகே வேண்டாம். பிளீச்சிங் கிருமிக்குத்தான், பெட்ரோலை ஒன்றும் செய்யாது.

உங்கள் கேள்விக்குப் பதில் நீங்கள் எழுதிய அளவிலேயே இருக்கிறது. பெட்ரோல் தண்ணீரைவிட லேசு, மிதக்கும். நீர்மட்டம் 18 அடி என்றால் எண்ணெய்ப் படலமும் அங்கேதான் இருக்கும். அந்த ஆழத்தில் போரைச் சுற்றி ஓட்டையில்லாத கேசிங் இருக்கிறதே, எப்படி உள்ளே வரும்? 40 அடிக்குக் கீழே பாறை இடுக்கில் வருகிற தண்ணீரைத்தான் அவர் காட்டியிருக்கிறார். அவர் ஏமாற்றவில்லை, போர்தான் தப்பு. குடிநீருக்குப் போடுவது போலவே போட்டுவிட்டார்கள்.

கண்காணிப்புக்கு ஓட்டை போட்ட பைப் வேண்டும். கோடையில் மட்டம் இறங்கினாலும் மழையில் ஏறினாலும் நீர்மட்டம் அந்த ஓட்டைப் பகுதிக்குள்ளேயே நிற்க வேண்டும். சுற்றிலும் சரளை, மேலே சிமெண்ட் அடைப்பு, பூட்டுகிற மூடி. ஒன்று போதாது. நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரியவே குறைந்தது மூன்று இடத்தில் மட்டம் பார்க்க வேண்டும். நம் பாறை நிலத்தில் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் போகும் என்று சொல்லவும் முடியாது, வெடிப்பு போகிற திசையில் போகும்.

லேப் விஷயம்: வழக்கமான குடிநீர்ப் பரிசோதனையில் உப்பு, கடினத்தன்மை, நைட்ரேட் மாதிரிதான் பார்ப்பார்கள். பெட்ரோலில் இருக்கும் பென்சீன், டொலுவீன், எத்தில்பென்சீன், சைலீன் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். என்.ஏ.பி.எல். (லேப்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் உள்ள லேபில் அவர்கள் தரும் 40 மி.லி. கண்ணாடிக் குப்பியில், காற்றுக்குமிழ் இல்லாமல் நிரப்பி, ஐஸில் வைத்துக் கொண்டுபோங்கள். பிளாஸ்டிக் பாட்டிலில் பாதி நிரப்பினால் பென்சீன் பறந்துவிடும். உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் பென்சீனுக்குச் சொல்லும் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். வாடை அடங்கியதை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

பழைய பங்க் மேனேஜர்:
பங்க்காரர் ஒத்துழைக்கிறார் என்றால் தினசரி இருப்புக் கணக்கைக் கேட்டுப் பாருங்கள். டிப் ராடு (டேங்கில் எண்ணெய் மட்டம் பார்க்கும் அளவுக்கம்பி) அளவும் விற்பனையும் தினமும் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், வெயிலுக்கு எண்ணெய் விரியும் சுருங்கும். ஆனால் மாதக்கணக்கில் குறைவு ஒரே பக்கமாக வந்தால் சந்தேகப்பட வேண்டும். மழைக்காலத்தில் டேங்குக்குள் தண்ணீர் சேர்ந்ததா என்பதையும் கேளுங்கள். பெரும்பாலும் டேங்கைவிடக் குழாய் இணைப்பில்தான் கசியும். இரண்டையும் அழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள்.

தோட்டத்துவீடு:
நன்றிங்க. அதுவரை ஆர்.ஓ. போட்டு, காய்ச்சிக் குடிக்கலாமா?

நிலத்தடி:
வேண்டாம். காய்ச்சினால் பென்சீன் சமையலறைக் காற்றில் கலக்கும், வெந்நீர்க் குளியலிலும் அப்படித்தான். ஆர்.ஓ.வையும் இதற்கு நம்ப முடியாது. லாரித் தண்ணீரோ கேன் தண்ணீரோ வாங்குங்கள். மோட்டாரைப் போட்டு நிறைய இறைக்கவும் வேண்டாம், எண்ணெயை உங்கள் பக்கம் இன்னும் இழுக்கும்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 2013ல் சென்னை தொண்டையார்பேட்டையில் நிலத்தடிக் குழாய் கசிந்து வீட்டு போர்களில் எண்ணெய் வந்தது, அங்கும் முதலில் கண்டது குடியிருந்தவர்கள்தான். கேசிங் 40 அடி, நீர்மட்டம் 18 அடி என்பதைப் புகாரில் மறக்காமல் எழுதுங்கள். இல்லையென்றால் அதே போரில் மறுபடி தண்ணீர் எடுத்துவிட்டுப் போய்விடுவார்கள்.