குரூட், மெட்பில், கோடாட்டி: வேற்றுக்கிரகச் செடிகளை எங்கே தப்பாகப் படிக்கிறோம்?

மார்வெல் காமிக்ஸின் குரூட்டை ஒரே வாக்கியம் ('ஐ ஆம் குரூட்') சொல்லும் சாதுவான மரமாக மட்டும் தெரிந்தவர்கள், 1960 நவம்பரில் வந்த 'டேல்ஸ் டு அஸ்டோனிஷ்' 13-ஆம் இதழைப் புரட்டினால் திகைத்துப்போவார்கள். அதில் அது வாய் ஓயாமல் மிரட்டும் ராட்சசன். எக்ஸ் கிரகத்திலிருந்து வந்து, ஓர் ஊரையே பெயர்த்துக்கொண்டுபோய் ஆராயத் திட்டமிடுகிறது. அகப்பட்ட மரத்தையெல்லாம் உறிஞ்சிப் பெருக்கிறது. கடைசியில் கரையான்தான் அதைச் சாய்க்கிறது.

பேச்சு ஏன் சுருங்கியது என்பதற்குப் பின்னால் வந்த கதைகள் காரணம் சொல்கின்றன: இந்த இனத்துக்குக் குரல்வளை இறுகிக் கட்டையாகிவிடும். அது என்ன பேசினாலும் நம் காதில் அதே மூன்று சொற்கள்தான் விழும். அதனால் குரூட்டின் பேச்சு பலூனை மட்டும் படித்துவிட்டு நகராதீர்கள். அடுத்த கட்டத்தில் அதன் கூட்டாளியான ராக்கெட் என்ற ரக்கூன் என்ன பதில் சொல்கிறது என்று பார்த்துவிட்டுத் திரும்பி வாருங்கள். பாதி வசனம் அந்தப் பதிலில்தான் ஒளிந்திருக்கும்.

* * *

மார்வெலின் போட்டி நிறுவனமான டிசி பக்கம், செடி உடல் கொண்ட நாயகனின் கதையான 'ஸ்வாம்ப் திங்' 61-ஆம் இதழ் (1987). ஆலன் மூர் எழுத்து, ரிக் வீச் சித்திரம். நேராக இதில் குதிக்க வேண்டாம், குழம்பும். நாயகன் ஏன் பூமிக்குத் திரும்ப முடியாமல் அலைகிறான் என்பது 53-இல் இருக்கிறது. அதையும், பிறகு 56-ஐயும் படித்துவிட்டு வாருங்கள்.

புதிய கிரகத்தில் அங்குள்ள தாவரத்தைக் கொண்டு உடல் செய்துகொள்வது அவன் வழக்கம். ஜே586 கிரகத்தில் தாவரங்கள்தான் குடிமக்கள்! உயிரோடு இருந்தவர்களையே பிசைந்து ஒரே உடலாக எழுந்து நிற்கிறான். கெட்ட எண்ணம் எதுவுமில்லை, ஆனால் ஊருக்கு அவன் பேய். கிரீன் லாண்டர்ன் என்ற விண்வெளிக் காவல் படையைச் சேர்ந்த, அந்தக் கிரகத்துச் செடி மனிதரான மெட்பில்தான் (1962 முதலே டிசியில் இருக்கும் பாத்திரம்) விஷயத்தைப் புரிந்துகொண்டு, இறந்துபோன தன் ஆசானின் உடலை அவனுக்குத் தருகிறார். சண்டைக் காட்சியைத் தேடுகிறவர்களுக்கு இந்த இதழ் ஏமாற்றம்தான்.

* * *

இன்றைய குரூட், ஸ்வாம்ப் திங் இரண்டிலும் செடி நல்லது, பார்க்கிறவன்தான் முட்டாள். மார்வெலின் செடி இனமான கோடாட்டியிடம் அந்தக் கணக்கு தலைகீழ்.

1975-இல் 'அவெஞ்சர்ஸ்' 133 முதல் 135 வரை சொல்லும் வரலாறு இது: ஸ்க்ரல்கள் என்ற வேற்றுக்கிரக இனம் வைத்த போட்டியில், இன்னொரு வேற்றுக்கிரக இனமான கிரீ இனத்தார் நிலவில் நகரம் எழுப்புகிறார்கள், கோடாட்டிகள் வெற்றுப் பாறையில் தோட்டம் போடுகிறார்கள். தோட்டம் ஜெயிக்கப்போகிறது என்றதும் கிரீ கூட்டம் கோடாட்டிகளைக் கொன்றுபோடுகிறது. இதைப் படித்தவர்களுக்கு அவர்கள்மேல் இரக்கம் ஊறிவிடும். 2020-இல் வந்த 'எம்பயர்' என்ற மார்வெல் தொடர் நம்பியிருப்பதே அந்த இரக்கத்தைத்தான்.

பலர் நேராக 'எம்பயர்' 1-ஐ எடுத்து, திருப்பம் சப்பென்று இருக்கிறது என்கிறார்கள். முதலில் 135 வரை, பிறகு 'ஜெயன்ட்-சைஸ் அவெஞ்சர்ஸ்' 4, அதன் பிறகு 'எம்பயர்' 0 (அவெஞ்சர்ஸ், ஃபென்டாஸ்டிக் ஃபோர் என்று இரண்டு இதழ்கள் உண்டு), கடைசியில் 1 முதல் 6. 'எம்பயர்' கதையில் கோடாட்டிகள் நிலவில் வளர்த்திருக்கும் தோட்டத்தைக் காப்பாற்ற டோனி ஸ்டார்க் (அயர்ன் மேன்) ஏன் அவ்வளவு துடிக்கிறார் என்பது 0 படிக்காதவர்களுக்கு எட்டாது.